துருவ மண்ணில் வாழும் பங்கசுக்கள்: குளிருக்கான இசைவாக்கங்களும் உக்கலும்



எனது வகுப்பு மாதிரி வினாத்தாள் ஒன்றில் முன்பொருமுறை இவ்வாறு ஒரு வினாவைக் கொடுத்திருந்தேன். "அந்தாட்டிக்காவில் கைவிடப்பட்ட மரவீடு ஒன்று நூறு ஆண்டுகளின் பின் எந்நிலையில் இருக்கும்? காரணம் தருக." ஏறக்குறைய எல்லோரும் ஒரே விடையையே எழுதியிருந்தனர். "அங்கு கடுங்குளிர் நிலவுகின்றது. ஆகவே நுண்ணங்கிகள் வாழ முடியாது. ஆகவே மரம் உக்காது." நானும் சரி அடையாளம் இட்டு முழுப் புள்ளியும் வழங்கினேன்.

நான் கலைப்பட்டதாரி. புவியியலும் வரலாறும் கற்பிப்பவன். சில காலத்தின் பின் துருவப் பயணங்களின் வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் மாணவர்களின் விடையும் பிழை, நான் இட்ட சரியும் பிழை என்பது தெரிந்தது. அத்தகைய மரவீடு உண்மையாகவே அங்கு நிற்கின்றது. அதன் மரம் உக்கியும் இருக்கின்றது. அடுத்த வகுப்பில் இதைக் கூறித் திருத்தியபோது ஒரு மாணவி எழுந்து, "அப்பிடியெண்டால் சேர், குளிர் என்னதான் செய்யுது?" என்று கேட்டாள். அக்கேள்விக்குரிய விடையே இக்கட்டுரை. இது விஞ்ஞானம், புவியியல் ஆகிய இரு பாடங்களுக்கும் பயன்படும்.

1. துருவ மண் எத்தகையது?

துருவப் பிரதேசங்கள் இரண்டையும் ஒன்றெனக் கருதி எழுதுவது மாணவர்கள் விடும் முதற் பிழையாகும்.

அந்தாட்டிக்கா ஒரு கண்டம். அதன் மேற்பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவான பகுதியே பனிக்கட்டியால் மூடப்படாமல் இருக்கின்றது. உலகில் நிலத்தில் அளக்கப்பட்ட மிகக் குறைந்த காற்று வெப்பநிலை, 1983 ஆம் ஆண்டு யூலை 21 ஆந் திகதி அங்குள்ள வொஸ்தொக் நிலையத்திற் பதிவான மறை 89.2 பாகை செல்சியசு ஆகும். இக்கண்டத்துக்குச் சொந்தமான பூக்குந் தாவரங்கள் இரண்டே. ஒன்று புல், மற்றையது சிறு பூண்டு. ஆகவே அங்குள்ள மண் பெரும்பாலும் பரலும் மணலுமாக, சேதனப் பொருள் மிகக் குறைந்ததாக, பல இடங்களில் உப்பு நிறைந்ததாகக் காணப்படும்.

ஆட்டிக் என்பது சமுத்திரத்தைச் சூழ்ந்த நிலங்களைக் கொண்ட பிரதேசம். இங்குள்ள தந்திரா நிலத்தில் பாசிகள், புற்கள், தரையோடு படர்ந்து வளரும் குள்ள வில்லோச் செடிகள் ஆகியன உண்டு. மண்ணின் கீழ்ப்பகுதி ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும். இது நிரந்தர உறைநிலம் எனப்படும். கோடையில் மேற்படை மட்டுமே உருகும். இம்மேற்படையிலேதான் வேர்களும் நுண்ணங்கிகளும் தொழிற்படுகின்றன.

இரு பிரதேசங்களுக்கும் பொதுவான இடர்கள் நான்கு:
(அ) தாழ்ந்த வெப்பநிலை.
(ஆ) திரவ நீர் கிடைக்காமை. நீர் இருந்தும் அது பனிக்கட்டியாக இருப்பதால் உயிரிகளுக்குப் பயன்படுவதில்லை.
(இ) உறைதலும் உருகுதலும் மாறி மாறி நிகழ்தல்.
(ஈ) குறுகிய வளர்ச்சிக் காலம்.

இவற்றுள் மூன்றாவதைக் கவனிக்குக. ஒரேயடியாக உறைந்து கிடப்பதை விட, உறைந்து உருகி மீண்டும் உறைவதே கலங்களுக்குக் கூடிய சேதத்தை விளைவிக்கும்.

2. பங்கசுக்கள்: ஒரு மீட்டல்

பங்கசுக்களில் பச்சையம் இல்லை. எனவே அவை ஒளித்தொகுப்புச் செய்வதில்லை. மெல்லிய இழைகளாக வளர்ந்து, தமது உணவின் மீதே நொதியங்களைச் சுரந்து, அதனைக் கலத்துக்கு வெளியே சமிக்கச் செய்து, கரைந்த பொருட்களை அகத்துறிஞ்சுகின்றன. மதுவம் போன்ற சில, தனிக்கலங்களாக வாழும். இறந்த பொருட்களில் வாழ்பவை அழுகல்வளரிகள். அல்காக்களுடன் சேர்ந்து வாழும் பங்கசுக்கள் இலைக்கன்களைத் தோற்றுவிக்கின்றன. தாவர வேர்களுடன் கூட்டுச் சேர்ந்து அவற்றுக்கு நீரையும் கனியுப்புக்களையும் வழங்கி, பதிலாக வெல்லங்களைப் பெறுபவையும் உண்டு. ஆட்டிக்கின் குள்ள வில்லோச் செடி இவ்வாறான வேர்க் கூட்டைக் கொண்டதாகும்.

உணவை உடலுக்கு வெளியே சமிக்கச் செய்தல் என்னும் இயல்பை மறவாதீர்கள். கலத்தினுள்ளே என்ன பாதுகாப்பு இருந்தாலும், வெளியே சுரக்கப்பட்ட நொதியம் குளிர்ந்த மண்ணிலேயே வேலை செய்ய வேண்டியிருக்கின்றது.

3. குளிர் என்ன செய்கின்றது?

வீட்டிலுள்ள குளிர்சாதனப்பெட்டியைப் பாருங்கள். வெளியே வைத்த பாண் ஓரிரு நாட்களிற் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டிக்குள் ஏறத்தாழ 4 பாகையில் வைத்த பாணும் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் நாட் செல்லும். குளிர் பூஞ்சணத்தைக் கொல்லவில்லை. அதன் வேகத்தைக் குறைத்தது.

இதனைக் கணித்தும் பார்க்கலாம். உயிரிரசாயனத் தாக்கங்களின் வேகம், பொதுவாக வெப்பநிலை 10 பாகையால் குறையும்போது ஏறத்தாழ அரைவாசியாகின்றது. 30 பாகையில் வேகம் 1 எனக் கொண்டால்:

20 பாகையில் வேகம் 1/2
10 பாகையில் வேகம் 1/4
0 பாகையில் வேகம் 1/8

எட்டிலொன்று என்பது பூச்சியம் அன்று. எமது நாட்டில் ஓராண்டில் நடக்கும் வேலை அங்கு எட்டு ஆண்டுகளில் நடக்கலாம். இது ஒரு பருமட்டான கணிப்பே. துருவத்தில் ஆண்டின் பெரும்பகுதி கடும் உறைநிலையிற் கழிவதாலும் நீர் கிடைக்காமையாலும் உண்மை வேகம் இதிலும் பல மடங்கு குறைவாகும். ஆயினும் கருத்து ஒன்றே. குளிர் உக்கலைத் தடை செய்வதில்லை, தாமதப்படுத்துகின்றது. இவ்வாக்கியத்தின் கீழ்க் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

வேகம் குறைவதோடு குளிர் மேலும் இரண்டு தீங்குகளைச் செய்கின்றது. கலமென்சவ்வு இறுகி, பதார்த்தங்கள் உட்செல்வதும் வெளியேறுவதும் தடைப்படும். கலத்தினுள் நீர் உறைந்தால் பனிப்பளிங்குகள் கலத்தின் அமைப்பைச் சிதைக்கும். இவற்றைச் சமாளிப்பதற்கான இசைவாக்கங்களை இனிப் பார்ப்போம்.

4. குளிருக்கான இசைவாக்கங்கள்

(அ) இளகிய கலமென்சவ்வு

நுவரெலியாவில் குளிரான காலைவேளையில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் உறைந்திருக்கும். பக்கத்தில் வைத்த நல்லெண்ணெய் உறையாது. தேங்காயெண்ணெயில் நிரம்பிய கொழுப்பமிலங்கள் அதிகம். இவற்றின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் நேரானவை. ஆகவே நெருங்கி அடுக்கப்பட்டு எளிதில் திண்மமாகும். நல்லெண்ணெயில் நிரம்பாத கொழுப்பமிலங்கள் அதிகம். இவற்றின் சங்கிலிகள் இரட்டைப் பிணைப்புள்ள இடத்தில் வளைந்திருப்பதால் நெருங்கி அடுக்கப்பட முடிவதில்லை. குளிர்ச் சூழலில் வாழும் பங்கசுக்கள் தமது மென்சவ்வில் நிரம்பாத கொழுப்பமிலங்களின் அளவைக் கூட்டிக்கொள்கின்றன. இதனால் தாழ்ந்த வெப்பநிலையிலும் மென்சவ்வு இளகிய நிலையில் இருக்கும்.

(ஆ) உறைதலைத் தடுக்கும் பொருட்கள்

தூய நீர் 0 பாகையில் உறையும். கரையம் சேர்ந்தால் உறைநிலை தாழும். பங்கசுக்கள் கிளிசரோல், மனிற்றோல் போன்றவற்றையும் திரெகலோசு என்னும் வெல்லத்தையும் கலங்களிற் சேர்த்துவைக்கின்றன. இதனால் கலத்திலுள்ள நீர் எளிதில் உறைவதில்லை. அத்துடன் கலம் நீரிழக்கும் போது திரெகலோசு மென்சவ்வையும் புரதங்களையும் சேதமுறாமற் காக்கின்றது.

சில பங்கசுக்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றுள்ளன. குளிர் நாடுகளில் பனிப்படையின் கீழ்ப் புற்களையும் கோதுமைப் பயிரையும் தாக்கும் தைபுலா இசிக்காரியென்சிசு என்னும் பங்கசு, பனிப்பளிங்குகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அவை பெரிதாக வளர்வதைத் தடுக்கும் புரதத்தைச் சுரக்கின்றது.

(இ) குளிரில் தொழிற்படும் நொதியங்கள்

நொதியம் வேலை செய்வதற்கு அதன் மூலக்கூறு சிறிது அசையவும் வளையவும் வேண்டும். குளிரில் சாதாரண நொதியங்கள் விறைத்துவிடுகின்றன. குளிருக்கு இசைவாக்கமடைந்த நொதியங்களின் அமைப்போ தளர்வானது. ஆகவே அவை தாழ்ந்த வெப்பநிலையிலும் தொழிற்படும். ஆனால் இத்தளர்வுக்கு ஒரு விலை உண்டு. இத்தகைய நொதியங்கள் பல, வெப்பநிலை சிறிது உயர்ந்ததும் தமது வடிவத்தை இழந்து செயலற்றுப் போகின்றன. குளிரில் கிடைக்கும் நன்மையும் வெப்பத்தில் ஏற்படும் தீமையும் ஒரே இயல்பின் இரு பக்கங்கள் என்பதை விளங்கிக்கொள்ளுங்கள்.

இத்தகைய நொதியங்கள் மனிதருக்கும் பயன்படுகின்றன. குளிர் நீரிலேயே கறையை அகற்றும் சலவைத்தூள்களில் தாழ்ந்த வெப்பநிலையில் தொழிற்படும் நொதியங்கள் சேர்க்கப்படுகின்றன.

(ஈ) கருநிறமும் பொறுமையும்

பல துருவப் பங்கசுக்களின் கலச்சுவரில் மெலனின் என்னும் கருநிறப்பொருள் உண்டு. இது சூரியனின் கழியூதாக் கதிர்களிலிருந்து கலத்தைப் பாதுகாக்கின்றது. மேலும் இப்பங்கசுக்கள் நிலைமை சாதகமற்றபோது உறங்குநிலையில் இருந்து, நீரும் சிறிது வெப்பமும் கிடைத்ததும் மீண்டும் வளரத் தொடங்குகின்றன.

5. இரு வகையினர்

குளிர்நாட்டமுள்ளவை: வளர்ச்சிக்கான சிறப்பு வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகை அல்லது அதிலும் குறைவு. ஏறத்தாழ 20 பாகைக்கு மேல் வளர்வதில்லை. 0 பாகையிலும் அதற்குக் கீழும் வளரக்கூடியவை.

குளிர்தாங்குபவை: 0 பாகைக்கு அண்மையில் வளரக்கூடியவை. ஆனால் சிறப்பு வெப்பநிலை இதனிலும் உயர்வானது. 20 பாகைக்கு மேலும் வளரும்.

துருவ மண்ணிலுள்ள பங்கசுக்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இது முதலில் வியப்பாகத் தோன்றும். ஆனால் கோடைக்காலத்தில் துருவ மண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். வெயில் படும்போது கருநிற மண்ணும் கல்லும் காற்றை விடப் பல பாகைகள் கூடுதலாக வெப்பமடையும். மேகம் மறைத்ததும் மீண்டும் குளிரும். இவ்வாறு மாறும் சூழலில் குளிரை மட்டுமே விரும்பும் உயிரியை விட, குளிரைத் தாங்கி வெப்பத்தையும் பயன்படுத்தும் உயிரிக்கே வாய்ப்பு அதிகம்.

6. விடய ஆய்வு: இவான்ஸ் முனையிலுள்ள மரவீடு

இனி மரவீட்டுக்கு வருவோம். பிரித்தானியக் கடற்படை அதிகாரியான ரொபேட் ஸ்கொட் தென்முனையை அடையும் நோக்குடன் சென்றபோது, 1911 சனவரியில் ரொஸ் தீவிலுள்ள இவான்ஸ் முனையில் ஒரு மரவீட்டை அமைத்தார். இங்கிலாந்திலிருந்து பகுதிகளாகக் கொண்டுவரப்பட்ட மரத்தினால் அது கட்டப்பட்டது. 1912 சனவரி 17 இல் ஸ்கொட் குழுவினர் தென்முனையை அடைந்தனர். திரும்பும் வழியில் அவரும் உடன்சென்ற நால்வரும் இறந்தனர். 1917 இன் பின் வீடு கைவிடப்பட்டது.

பல ஆண்டுகளாக எல்லோரும் எமது மாணவர்களைப் போன்றே எண்ணினர். கடுங்குளிரும் வறட்சியும் மரத்தை என்றும் பாதுகாக்கும் எனக் கருதப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரொஸ் தீவிலுள்ள ஸ்கொட், ஷாக்கில்டன் ஆகியோரின் மரவீடுகளை ஆராய்ந்து 2004 இல் வெளியிட்ட முடிவுகள் இக்கருத்தை மாற்றின. நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்த மரப்பகுதிகள் மென்னுக்கலுக்கு உட்பட்டிருந்தன. மென்னுக்கல் என்பது பங்கசு இழைகள் மரக்கலங்களின் சுவருக்குள் நுழைந்து நுண்ணிய குழிகளை உண்டாக்கி, செலுலோசைச் சிதைக்கும் உக்கலாகும். இதற்குக் காரணமாயிருந்தவை கடோபோரா என்னும் சாதியைச் சேர்ந்த பங்கசுக்கள்.

உக்கல் எங்கே கூடுதலாக இருந்தது என்பதைக் கவனிக்குக. நிலத்தைத் தொட்ட இடத்திலாகும். ஏன்? கோடையில் பனி உருகும் நீர் அவ்விடத்தில் மரத்தை நனைக்கின்றது. வெயிலினால் நிலம் உறைநிலைக்கு மேல் சிறிது வெப்பமடைகின்றது. ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே இந்நிலைமை நீடிக்கும். அச்சில வாரங்களைத் தொண்ணூறு ஆண்டுகளாற் பெருக்கிப் பாருங்கள். குளிர் கொடுத்த தாமதத்தைக் காலம் ஈடுசெய்துவிட்டது.

ஆகவே இன்று அவ்வீட்டைப் பாதுகாப்போர் குளிரை மட்டும் நம்பியிருப்பதில்லை. சுற்றிச் சேரும் பனியை அகற்றுகின்றனர். உருகும் நீர் மரத்தை அடையாமற் பார்த்துக்கொள்கின்றனர். காரணம் விளங்கினாற்றான் பாதுகாப்பும் சரியாக அமையும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

7. கல்லுக்குள் வாழ்வு

ரொஸ் தீவுக்கு எதிரே, அந்தாட்டிக்காப் பெருநிலத்தில் மக்மேடோ வறள் பள்ளத்தாக்குகள் உள்ளன. பனிமூட்டம் இல்லாத இவை உலகின் மிகக் குளிரான பாலைநிலங்களுள் அடங்கும். இங்கே பல உயிரிகள் மண்ணைக் கைவிட்டுக் கல்லுக்குள் புகுந்துள்ளன. 1970 களில் இம்ரே பிரீட்மன் என்னும் ஆய்வாளரும் அவரது குழுவினரும் இங்குள்ள மணற்கற்களின் மேற்பரப்புக்குச் சில மில்லிமீற்றர் கீழே, கல்லின் நுண்டுளைகளில் நுண்ணங்கிகள் வாழ்வதைக் கண்டறிந்தனர். அல்காக்களும் பங்கசுக்களும் அங்கே கூடி வாழ்கின்றன. மணற்கல் சிறிதளவு ஒளியை உள்ளே விடுகின்றது. காற்றையும் உலர்வையும் தடுக்கின்றது. வெயிலில் வெளிக்காற்றை விட வெப்பமாக இருக்கின்றது.

இப்பிரதேசப் பாறைகளில் வாழும் கிரையோமைசெசு அந்தாட்டிக்கசு என்னும் கரிய பங்கசு, 2008 இலிருந்து 2009 வரை ஏறத்தாழ 18 மாதங்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் வைத்துச் சோதிக்கப்பட்டது. திரும்பக் கொண்டுவந்தபோது அதன் கலங்களில் ஒரு பகுதி உயிருடன் இருந்தது. ஆனால் விண்வெளியில் அது வளரவில்லை, உயிர்பிழைத்தது மாத்திரமே. உயிர்பிழைத்தலும் வளர்தலும் ஒன்றல்ல. வினாவில் எச்சொல் உள்ளது என்பதைப் பார்த்தே விடை எழுத வேண்டும்.

8. ஆட்டிக் மண்ணும் காபனும்

அந்தாட்டிக்காவில் உக்கல் ஒரு பழைய வீட்டின் பிரச்சினை. ஆட்டிக்கில் அது முழு உலகின் பிரச்சினை.

எமது காடுகளில் விழும் இலைகள் விரைவில் உக்கிக் காபனீரொட்சைட்டாக வளிமண்டலத்துக்குத் திரும்புகின்றன. தந்திராவில் தாவர வளர்ச்சி மெதுவானது. உக்கல் அதனிலும் மெதுவானது. எனவே இறந்த பாசிகளும் வேர்களும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து உறைந்துள்ளன. வடபுல நிரந்தர உறைநிலப் பிரதேச மண்ணில் ஏறத்தாழ 1,500 பில்லியன் தொன் காபன் உள்ளதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இது வளிமண்டலத்தில் உள்ள காபனின் அளவைப் போன்று ஏறத்தாழ இருமடங்காகும்.

இக்காபனை அங்கே பூட்டி வைத்திருப்பது குளிர் ஏற்படுத்திய தாமதமே. 1979 இன் பின் ஆட்டிக் பிரதேசம் உலக சராசரியை விட மூன்று முதல் நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்துள்ளது. நிலம் உருகும்போது திரவ நீர் கிடைக்கின்றது. நொதியங்களின் வேகம் கூடுகின்றது. பங்கசுக்களும் பற்றீரியாக்களும் பழைய சேதனப் பொருளைச் சிதைத்துக் காபனீரொட்சைட்டை வெளியிடுகின்றன. அது புவியை மேலும் வெப்பமாக்க, மேலும் நிலம் உருகுகின்றது. விளைவு தன் காரணத்தையே வளர்க்கும் இச்சுழற்சி நேர்ப் பின்னூட்டல் எனப்படும்.

நீர் தேங்கி ஒட்சிசன் அற்ற மண்ணில் மெதேன் வாயுவும் உண்டாகும். அதனைத் தோற்றுவிப்பவை பங்கசுக்கள் அல்ல, ஆக்கியா என்னும் நுண்ணங்கிகள். இரண்டையும் மாறி எழுத வேண்டாம்.

பங்கசுக்கள் இங்கே குற்றவாளிகள் அல்ல என்பதையும் சேர்த்து விளங்கிக்கொள்ளுங்கள். அவை உக்கச் செய்யாவிடில் தந்திராச் செடிகளுக்கு நைதரசனும் பொசுபரசும் மீளக் கிடைக்கமாட்டா. அவை முன்பு செய்த அதே வேலையையே இன்றும் செய்கின்றன. மாறியது வெப்பநிலை.

9. மாணவர்கள் வழமையாக விடும் பிழைகள்

- "துருவத்தில் நுண்ணங்கிகள் இல்லை" என எழுதுதல். (சரி: உண்டு. மெதுவாகத் தொழிற்படுகின்றன.)
- "குளிர் நுண்ணங்கிகளைக் கொல்லும்" என எழுதுதல். (சரி: பலவற்றின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் அல்லது நிறுத்தும்.)
- துருவப் பங்கசுக்கள் யாவும் குளிர்நாட்டமுள்ளவை எனக் கருதுதல். (சரி: பெரும்பாலானவை குளிர்தாங்குபவை.)
- குளிரை மட்டும் கூறி, திரவ நீர் கிடைக்காமையைக் கூறாது விடுதல்.

10. மாதிரி வினாவும் விடையும்

(1) துருவ மண்ணில் பங்கசுக்கள் எதிர்நோக்கும் இடர்கள் இரண்டு தருக. (2 புள்ளி)
தாழ்ந்த வெப்பநிலை, திரவ நீர் கிடைக்காமை.

(2) நிரம்பாத கொழுப்பமிலங்கள் கூடுதலாக இருப்பதன் பயன் யாது? (2 புள்ளி)
தாழ்ந்த வெப்பநிலையிலும் கலமென்சவ்வு இறுகாமல் இருப்பதால் பதார்த்தங்களின் பரிமாற்றம் தடையின்றி நிகழும்.

(3) குளிருக்கு இசைவாக்கமடைந்த நொதியங்கள் பல, உயர் வெப்பநிலையில் செயலிழப்பது ஏன்? (2 புள்ளி)
அவற்றின் அமைப்புத் தளர்வானது. வெப்பநிலை உயரும்போது அவ்வடிவம் எளிதிற் சிதைவடையும்.

(4) நிரந்தர உறைநிலம் உருகுவது புவி வெப்பமடைதலை அதிகரிப்பது எவ்வாறு? (4 புள்ளி)
உறைந்திருந்த சேதனப் பொருள் நுண்ணங்கிகளுக்குக் கிடைக்கும். திரவ நீரும் வெப்பமும் அவற்றின் தொழிற்பாட்டைக் கூட்டும். காபனீரொட்சைட்டும் மெதேனும் வெளியேறும். இவை பச்சைவீட்டு வாயுக்கள் ஆகையால் வெப்பநிலை மேலும் உயர்ந்து மேலும் நிலம் உருகும்.

(5) அந்தாட்டிக்காவில் கைவிடப்பட்ட மரவீடு ஒன்று நூறு ஆண்டுகளின் பின் எந்நிலையில் இருக்கும்? காரணம் தருக. (5 புள்ளி)

இவ்வைந்தாவது வினாவுக்கு விடை தரப்படவில்லை. புத்தகத்தை மூடிவைத்து நீங்களே எழுதுங்கள். பின்னர் 3 ஆம், 6 ஆம் பகுதிகளுடன் ஒப்பிட்டுப் புள்ளியிடுங்கள். இம்முறை பிழையான விடைக்குச் சரி இட்டுவிடாதீர்கள். அவ்வேலையை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்.